கோவையில் சீனியர் தேடும் இளைஞர்கள்

சட்டப் பட்டம் பெற்று, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பெயரைப் பதிந்து, அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்ட ஒருவர் இத்தேசத்தின் எந்த நீதிமன்றத்திலும் நின்று வாதாடும் உரிமை உடையவராகிறார் என்பது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் செய்துள்ள ஏற்பாடு. அவ்வுரிமையை யாரிடம் இருந்து பழகுவது, எந்தக் கூரையின் கீழ் அமர்ந்து முதல் வழக்குக் கட்டைப் பிரிப்பது என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் இன்று விடை கிடையாது. கோயம்புத்தூரைப் பொறுத்தவரை விடை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்திலும், கோபாலபுரத்துத் தெருக்களில் பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் இருக்கிறது. அவ்வலுவலகங்களில் பெரும்பாலானவற்றுக்குள் பிரவேசிக்க விண்ணப்பப் படிவம் இல்லை, விளம்பரம் இல்லை, நேர்காணலுக்கென்று ஒரு நாளும் இல்லை. யாராவது ஒருவர் சீனியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். நூற்பாலை ஒன்றின் வழக்குகளைப் பார்க்கும் வக்கீலிடம் அந்த ஆலையில் மேலாளராயிருக்கும் சித்தப்பா சொல்லுவார். பத்திர எழுத்தராக இருக்கும் தாய்மாமன் தமக்குத் தெரிந்த சிவில் வக்கீலிடம் அழைத்துப் போவார். அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லாத இளைஞருக்கு, தருமபுரி மலையடிவாரத்திலிருந்தோ இராமநாதபுரத்துக் கரிசலிலிருந்தோ வந்து மருதமலைச் சாலையிலுள்ள அரசு சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு இந்நகரிலேயே தொழில் செய்ய விரும்பும் ஒருவருக்கு, வழி என்ன என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

இந்த நிலை என்றும் இருந்த நிலையன்று. பழைய சென்னை ராஜதானியில் பி.எல். தேறியவர் அனுபவமுள்ள ஒரு வக்கீலிடம் ஓராண்டு அப்ரண்டிசாக இருந்து, அதன் பின்னரே தொழிலுக்கு வரும் கிரமம் நிலவியது. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்து, பிற்காலத்தில் மத்திய உணவு மந்திரியாகிய சி. சுப்பிரமணியம் 1936இல் கோவையில் தொழில் தொடங்கிய காலமும், வக்கீல் தொழிலோடு கொங்கு நாட்டின் சரித்திரத்தையும் எழுதிய கோவைகிழார் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் இந்நீதிமன்றங்களில் நடமாடிய காலமும் அந்தக் கிரமத்தைச் சேர்ந்தவை. அதற்கும் முற்பட்ட தலைமுறையில், செங்கல்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்தகளத்தூரில் 1852இல் பிறந்த சி. விஜயராகவாச்சாரியார், ஆசிரியராகச் சேலத்துக்கு வந்து, பிளீடர் பரீட்சையில் தாமே படித்துத் தேறி, அந்நிய ஊராகிய சேலத்திலேயே தொழிலை நிலைநாட்டினார். 1882ஆம் ஆண்டின் சேலம் கலக வழக்கில் தாமே பிரதிவாதியாகித் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையடைந்து, 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகிக்கும் அளவுக்கு உயர்ந்தார். பரீட்சையும் பயிற்சியும் ஒரு பொதுவான வாயிலாக இருந்தமையால், அந்த வாயிலைக் கடந்தவரை ஊர் ஏற்றுக்கொண்டது.

1961ஆம் ஆண்டுச் சட்டமும் ஆரம்பத்தில் அந்த வாயிலைக் காத்தே வந்தது. அதன் 24ஆம் பிரிவு, பட்டத்துக்குமேல் மாநில பார் கவுன்சில் வகுக்கும் பயிற்சியும் அதன் முடிவில் ஒரு பரீட்சையும் வேண்டும் என்று விதித்திருந்தது. 1973ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இவ்விதியை நீக்கிவிட்டது. பட்டம் பெற்றவர் நேரே பதிவு செய்துகொள்ளலாம் என்றாயிற்று. இதனால் விளையும் குறையை உணர்ந்த இந்திய பார் கவுன்சில், 1995இல் ஓராண்டுப் பயிற்சியை மீண்டும் புகுத்தும் விதிகளை இயற்றியது. பாராளுமன்றம் வேண்டுமென்றே எடுத்துவிட்ட ஒன்றை விதிகளின் மூலம் திரும்பக் கொண்டுவர கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்விதிகளை ரத்து செய்தது. 2011 முதல் நடைபெறும் அகில இந்தியத் தேர்வை 2023இல் அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் அது புத்தக அறிவைச் சோதிக்கும் தேர்வு. குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அது கற்பிக்க மாட்டாது. ஆகவே பயிற்சி மறைந்துவிடவில்லை. பயிற்சியின் தேவையும் குறையவில்லை. அதைத் தரும் கடமை மட்டும் யார் தலையிலும் இல்லாமற்போய், அது தனிமனிதரின் தயவாக மாறிவிட்டது. என் அபிப்பிராயத்தில் இன்று கோவையிலும் ஈரோட்டிலும் நாம் காணும் சிபாரிசின் செல்வாக்கு, இந்த ஐம்பதாண்டு வெற்றிடத்தில் வளர்ந்ததாகும்.

சீனியர்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஜூனியராக வருபவர் கையில் அலுவலகத்தின் சாவி போகிறது. கட்சிக்காரரின் மூலப் பத்திரங்கள் போகின்றன. சமரசப் பேச்சில் எந்தத் தொகைக்கு இறங்கி வருவார்கள் என்ற இரகசியம் போகிறது. எதிர்க்கட்சி வக்கீலின் அலுவலகம் அடுத்த தெருவிலேயே இருக்கும் ஒரு நகரத்தில், முன்பின் தெரியாத ஒருவரை நம்புவதற்குச் சீனியர் தயங்குவது இயல்பே. இன்னொரு காரணமும் உண்டு. வழக்கறிஞர் தம் தொழிலை விளம்பரப்படுத்தலாகாது, வழக்குத் தேடி அலையலாகாது என்று பார் கவுன்சிலின் 36ஆம் விதி கண்டிப்பாகக் கூறுகிறது. அவ்விதி ஜூனியர் வேலைக்கு ஆள் கேட்பதைத் தடுப்பதன்று. எனினும் தலைமுறை தலைமுறையாக விளம்பரத்தை அநாசாரமாகக் கருதிப் பழகிய ஒரு தொழிலில், ‘என் அலுவலகத்தில் இடம் இருக்கிறது’ என்று எழுதி ஒட்டவும் கை எழுவதில்லை.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு பிரத்தியேக வடிவம் உண்டு. இங்கே அறிமுகம் என்பது ஊரிலிருந்து தொடங்குகிறது. தாராபுரத்திலிருந்து வந்த ஒரு கட்சிக்காரர், சீனியர் உள்ளே பேசிக்கொண்டிருக்கையில், வெளி அறையில் கட்டை அடுக்கிக்கொண்டிருக்கும் இளம் வக்கீலிடம் மரியாதையோடுதான் பேச்சுக் கொடுப்பார். “தம்பிக்கு எந்த ஊருங்க?” என்பது முதற் கேள்வி. “பரமக்குடிப் பக்கம்ங்க” என்று பதில் வந்தால், “அப்படிங்களா, இங்க யாரு வேணுமுங்க உங்களுக்கு?” என்பது இரண்டாவது. உறவு யார் என்றே அவர் கேட்கிறார். அதில் துவேஷம் இல்லை. கூட்டமும் குலதெய்வமும் கொடுத்து வாங்கும் உறவும் மனிதரை அளக்கும் கருவிகளாக நெடுங்காலம் இருந்துவந்த சமூகத்தில், அவருக்குத் தெரிந்த விசாரிப்பு அதுவே. ஆனால் அதே கேள்வி சீனியரின் மனத்திலும் வேலை செய்யும்போது, அது தகுதியைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது. அக்கேள்விக்குச் சாதியே விடையாக அமையும் இடங்களும் இருக்கின்றன என்பதை மறைப்பது ஆராய்ச்சிக்கு நேர்மையாகாது. தாழ்த்தப்பட்ட குடும்பத்திலிருந்து முதல் பட்டதாரியாக வரும் இளைஞருக்குக் கல்லூரியின் கதவு இட ஒதுக்கீட்டால் திறந்தது; அலுவலகத்தின் கதவுக்கு அத்தகைய திறவுகோல் ஏதுமில்லை. பெண்களுக்கோ வேறொரு தடை. சீனியர் அலுவலகத்தின் உயிரான நேரம் மாலை ஆறு மணிக்குமேல். கட்சிக்காரர்கள் வருவதும், மறுநாள் வழக்குக்குக் குறிப்பெடுப்பதும் அப்போதுதான். விடுதிகள் வாயிலைச் சாத்தும் நேரத்தில் வேலை சூடுபிடிக்கும் ஒரு தொழிலில், ஊரில் வீடும் உறவும் இல்லாத பெண் படும் சங்கடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பணத்தின் விஷயத்தில் அண்மைக் காலத்தில் சில மாறுதல்கள் ஏற்பட்டிருக்கின்றன. ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2020இல் தொடங்கியது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை கிடைக்கச் செய்யுமாறு மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அவ்வாண்டு ஜூலை 30ஆம் தேதி, பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக்கூடாது என்று கௌரவ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை மாநில கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்துவந்தன. அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகரங்களில் 20,000, கிராமப் பகுதிகளில் 15,000 என்று ஒரு பரிந்துரையும் வெளியிட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆனால் உதவித்தொகை என்பது உள்ளே நுழைந்தவருக்கு உரியது. மாதம் இருபதாயிரம் கொடுத்தே தீரவேண்டும் என்றால், சீனியர் எடுக்கும் ஜூனியர்களின் தொகை குறையவும், குறைந்த இடங்கள் தெரிந்தவர்களுக்கே போகவும் ஹேது உண்டு. ஊதியத்தைச் சீர்ப்படுத்துவோர் நுழைவையும் சேர்த்துச் சீர்ப்படுத்தாவிடில், அறிமுகமற்றவர் முன்னிலும் வெளியே நிற்க நேரிடும்.

2025 மே 20ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இப்பிரச்சினையின் கனத்தைப் பன்மடங்காக்கிவிட்டது. சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்பவர் மூன்றாண்டுகளாவது வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அது மீட்டது. அந்த அனுபவத்துக்கு நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரியின் சான்றோ, அவர் ஒப்புதலிட்ட, பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரின் சான்றோ வேண்டும் என்றது. அனுபவமில்லாதவர் நீதிபதி ஆசனத்தில் அமர்வது தகாது என்ற அதன் கருத்தோடு நான் முரண்படவில்லை. ஆயினும் இதுகாறும் நல்ல மூளையும் கடும் உழைப்பும் உள்ள ஏழை மாணவி, யார் தயவும் இன்றி, தேர்வெழுதி நேரே நீதிபதியாகும் மார்க்கம் ஒன்று இருந்தது. இனி அவளும் ஒரு சீனியரின் படியேறித்தான் ஆகவேண்டும். அலுவலகத்தின் கதவு, வக்கீல் தொழிலுக்கு மட்டுமின்றி நீதிபதிப் பதவிக்கும் கதவாகிவிட்டது.

இந்நிலையில் அறிமுகமற்றவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் முன்பு இல்லாத சௌகரியங்கள் சில இப்போது உண்டு. முன்னெல்லாம் எந்த வக்கீல் எவ்வகை வழக்கு நடத்துகிறார் என்பது உள்ளூர்க்காரருக்கே தெரிந்த விஷயமாயிருந்தது. இன்று இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞரின் பெயரைக் கொடுத்தால் அவர் ஆஜராகும் வழக்குகளின் பட்டியல் விரிகிறது. எவரிடம் சிவில் வழக்குகள் குவிந்துள்ளன, எவர் காசோலை வழக்குகளிலேயே இருக்கிறார், எவர் ஒரே நாளில் மூன்று நீதிமன்றங்களில் ஆஜராக வேண்டியவராய் ஆளில்லாமல் திண்டாடுகிறார் என்பதை அன்றாட வழக்குப் பட்டியலிலிருந்தே கணிக்கலாம். பின்பு காலை பத்தரை மணிக்கு அந்த நீதிமன்ற ஹாலின் கடைசி பெஞ்சில் சில வாரங்கள் அமர்ந்து பார்க்க வேண்டும். முதல் அழைப்பில் யாருடைய வழக்குக்கு எவரும் எழுந்திருக்கவில்லை, எந்த சீனியரின் குமாஸ்தா மூச்சிரைக்க ஓடிவந்து ‘பாஸ்ஓவர்’ (வழக்கைச் சற்றுப் பொறுத்து அழைக்கும்படி) கேட்கச் சொல்லி அடுத்திருப்பவரைக் கெஞ்சுகிறார் என்பதைக் கவனித்தால், எங்கே ஆள் தேவை என்பது எந்த விளம்பரத்தைவிடவும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

அடுத்து, இந்த மண்ணின் வழக்குகளை அறிந்து வருதல். திருப்பூரின் பனியன் தொழிலில் கடனும் காசோலையும் புரளும் வேகத்தால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்குகள் அங்கே ஏராளம். 2012இல் வெடித்த பெருந்துறை ஈமு கோழி மோசடி போன்றவை, முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கோவையில் இயங்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கு வந்தன. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்த விவகாரத்தில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில். இவை எல்லாவற்றினும் நிரந்தரமானது தோட்டத்துப் பாகப்பிரிவினை. மகளுக்குப் பிதிரார்ஜிதத்தில் பங்கு உண்டென்று 1989இல் தமிழ்நாடும், மணமான மகளையும் உள்ளடக்கி 2005இல் மத்திய சட்டமும் திருத்தம் செய்தபின், நிலத்தின் விலையும் ஏறிய கொங்கு நாட்டில் இவ்வழக்குகள் பெருகின.

அத்தகைய வழக்கில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்போம். நான்கு மால் எல்லை சொல்லியபின், ‘மேற்படி பூமியிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், முறைப்படி தண்ணீர் இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும், மின்மோட்டார் சர்வீஸ் இணைப்பில் பொதுப் பாத்தியமும், மாமூல் வண்டித்தடத்தில் நடக்கும் பாத்தியமும்’ என்ற ரீதியில் போகும் அதன் வாசகம். கல்லூரியில் பயின்ற சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் இவ்வாசகம் எங்கும் வராது. அண்ணன் தம்பி இருவரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டு, கிணற்றை வாரமுறையில் வைத்துக்கொண்டதும், பின் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றதும், விற்ற பங்குக்கு வண்டித்தடம் உண்டா இல்லையா என்பதுமே வழக்கின் உயிர். அதைச் சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புல வரைபடம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, ஒரே தாளில் வரைபடமாகவும் தேதிவாரிப் பட்டியலாகவும் தயாரித்துத் தரக்கூடிய ஜூனியரைச் சீனியர் எவரும் எந்த ஊர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பமாட்டார் என்பது என் திடமான நம்பிக்கை. கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழிலேயே பதிவாகிறது. ஆதலால் ஆங்கிலம் தடுமாறும் கிராமத்து இளைஞருக்கு இவ்விடத்தில் தாழ்வு ஏதும் இல்லை.

சீனியரைக் காணச் செல்லும் முறையிலும் ஒரு பக்குவம் வேண்டும். நீதிமன்ற வராந்தாவில், வழக்கு அழைக்கப்படும் நேரத்தில், கையில் ஒரு கோப்பை நீட்டுவதால் பிரயோஜனம் இல்லை. மே மாத விடுமுறை முடிந்து நீதிமன்றங்கள் திறக்கும் ஜூனில், முன்கூட்டித் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு, மாலையில் அலுவலகத்துக்குச் செல்வதே உசிதம். கடிதம் ஒரு பக்கம் போதும்: பதிவு எண், படித்த கல்லூரி, எந்த நீதிமன்றத்தில் அவருடைய எந்த வகை வழக்கைப் பார்த்து வந்தோம், எத்தனை மணி வரை வேலை செய்ய முடியும், இ-ஃபைலிங் தெரியுமா என்பவை. கூடவே தாமே தயாரித்த ஒரு வழக்குரை மாதிரியும் இருக்கட்டும். மூன்றாண்டுப் படிப்புக்குப் பன்னிரண்டு வாரமும், ஐந்தாண்டுப் படிப்புக்கு இருபது வாரமும் பயிற்சி கட்டாயம் என்று 2008ஆம் ஆண்டின் சட்டக்கல்வி விதிகள் சொல்லியிருக்கின்றன; அந்த வாரங்களைச் சான்றிதழ் வாங்கும் சடங்காகக் கழிக்காமல், ஒரே மாவட்ட நீதிமன்ற வக்கீலிடம் ஆண்டுதோறும் சென்ற மாணவருக்குப் பட்டம் வருமுன்பே அறிமுகம் வந்துவிடுகிறது. குமாஸ்தாக்களை அலட்சியம் செய்யலாகாது. எந்த அலுவலகத்தில் ஜூனியர் விலகினார், எந்தச் சீனியர் கோபக்காரர், எவர் மாதச் சம்பளத்தைத் தவறாமல் தருகிறார் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை.

கோவையில் இடம் கிடைக்காவிடின் பொள்ளாச்சியும் உடுமலையும் கோபிச்செட்டிபாளையமும் பவானியும் இருக்கின்றன. சிறு ஊர் நீதிமன்றத்தில் ஜூனியருக்கு வேலை அதிகம். இரண்டு மாதத்தில் ஒரு சாட்சியைத் தாமே விசாரிக்கும் சந்தர்ப்பமும் கிட்டலாம். சட்ட உதவியின் பாதையும் உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவாகிய நால்சா 2022இல் வகுத்த சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டத்தில் உதவி வழக்கறிஞர் நிலைக்கு மூன்றாண்டுக்கு உட்பட்ட அனுபவமுள்ளோரும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வெளிப்படையாக அறிவித்து ஆளெடுக்கும் இந்த வேலையில், கொலை வழக்கின் குற்றப்பத்திரிகையை அருகிருந்து படிக்கும் வாய்ப்பு முதல் ஆண்டிலேயே கிடைக்கக்கூடும்.

பவானியை அடுத்த காடப்பநல்லூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, 1973இல் சென்னையில் பதிவு செய்துகொண்டு, 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியாக உயர்ந்த பி. சதாசிவத்தை இளைஞர்களுக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். அவரது உயர்வு பெருமைக்குரியது. அதை எடுத்துக்காட்டி, தகுதியுள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்று தொழிலின் பெரியோர் திருப்தியடைந்துவிடுவதை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. வந்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. மூன்று மாதம் கோபாலபுரத்துப் படிகளில் ஏறியிறங்கிவிட்டு, கடன் தவணை வசூலிக்கும் கம்பெனியில் சட்ட உதவியாளராகச் சேர்ந்துவிட்டவரின் பெயர் எங்கும் பதிவாவதில்லை.

இங்கிலாந்தின் பாரிஸ்டர் தொழில் நம்முடையதைவிடப் பன்மடங்கு பரம்பரைப் பெருமையும் உறவுச் செல்வாக்கும் பார்த்த தொழில். அங்கேயே இன்று சேம்பர்கள் தங்கள் பயிற்சி இடங்களைப் பகிரங்கமாக விளம்பரம் செய்தாக வேண்டும். 2003 முதல் பயிற்சியாளருக்குக் குறைந்தபட்சத் தொகையும் கட்டாயம். ஊதியத்தையும் அறிவிப்பையும் அவர்கள் ஒரே நுகத்தில் பூட்டினார்கள். நமது பார் கவுன்சிலின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரையும் ஜூனியர்களைத் தேர்ந்தெடுப்பதில் நேர்மையும், எழுத்து மூலமான நியமனமும் வேண்டும் என்ற திசையில் பேசுகிறது. அது பரிந்துரையோடு நிற்கிறது.

இதைச் செயலாக்கச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க அவசியமில்லை. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கமும், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம், கரூர் சங்கங்களும் ஒரு பதிவேட்டைத் திறக்கலாம். ஜூனியர் வேண்டும் சீனியர்கள் அதில் தங்கள் பெயரையும், வழக்கின் வகையையும், தரக்கூடிய தொகையையும், அலுவலக நேரத்தையும் எழுதட்டும். புதிதாகப் பதிவு செய்தோர் தங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதட்டும். ஆண்டுக்கு இருமுறை, ஜூன் மாதத்திலும் ஜனவரியிலும், அப்பதிவேட்டின் நகலைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் அரசு சட்டக் கல்லூரிகளின் பலகையிலும் ஒட்டட்டும். நம்பிக்கை பற்றிய ஐயமுள்ள சீனியர், மூன்று மாதம் சோதனைக் காலம் வைத்துக்கொள்ளட்டும். பெண்களுக்கு மாலை எத்தனை மணிக்குள் அலுவலகம் முடியும் என்பதையும் அதிலேயே குறிப்பிடட்டும். சங்கங்களின் நிர்வாகிகளை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே: வரும் ஜூனில் நீதிமன்றங்கள் திறக்கும் நாளன்று அந்தப் பதிவேடு மேஜைமேல் இருக்கட்டும்.